சேவலுக்கு நட்ட கல், சில்கிக்கு எழுதின சட்டம்

இந்த எபிசோட் கோழிகளைப் பத்தி. பிரியாணில வர்ற கோழியும் நடுவுல கொஞ்சம் வரும். ஆனா முக்கியமா பேசப்போறது ‘ஷோ குவாலிட்டி’ கோழி.

சில்கியை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க, நேர்ல இல்லன்னா இன்ஸ்டாகிராம்லயாவது. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைச்ச மாதிரி ஒரு கோழி. இறகுன்னு சொல்ல முடியாது, பூனை முடி மாதிரி இருக்கும். அந்த வெள்ளைப் பஞ்சை விலக்கிப் பார்த்தா உள்ள தோல் கருநீலம். பேன்சி கோழி விக்கிறவங்க இதை ‘ஷோ குவாலிட்டி ஜோடி’ன்னு தனி விலை போட்டு விக்கிறாங்க.

என் கேள்வி சின்னது. அந்தக் குவாலிட்டியை யார் முடிவு பண்ணினது? ஒரு கோழியை ‘நல்ல கோழி’ன்னு சொல்ல மனுஷன் எதை எதை அளந்திருக்கான்? இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத் தொடங்க சீனாவுக்கோ இங்கிலாந்துக்கோ போக வேண்டாம். செஞ்சிப் பக்கம் போனாலே போதும்.

மேற்சேரிச் சேவல்

செஞ்சின்னா கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூணு மலையையும் சேர்த்து வளைச்ச மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகள்ல தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒண்ணுதான். 1714ல ஆற்காட்டு நவாப் படையோட மோதி இறந்த தேசிங்கு ராஜாவைப் பத்திக் கதைப்பாட்டு உண்டு. அந்தப் பாட்டுல ராஜாவுக்கு எவ்வளவு இடமோ கிட்டத்தட்ட அவ்வளவு இடம் அவரோட குதிரைக்கும் உண்டு. மிருகத்தை மறக்காத ஊர்தான்.

ஆனா குதிரைக்கு முன்னாடியே, கோட்டைக்கும் பல நூறு வருஷம் முன்னாடியே, இதே விழுப்புரம் மாவட்டத்துல ஒரு சேவலுக்குக் கல் நட்டிருக்காங்க. ஊர் பேர் அரசலாபுரம்.

நடுகல் உங்களுக்குத் தெரியும். மாடு பிடிக்க வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு ஊர் நடுற கல். அரசலாபுரம் கல்லுல மனுஷ வீரன் இல்ல. ஒரு சேவல் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துல வட்டெழுத்துல ஒரு சின்ன வரி. முகையூர் என்ற ஊரின் மேற்சேரிக்காகப் பொருது உயிர்விட்ட கோழி இது என்பதுதான் அதன் பொருள். எழுத்தோட வடிவத்தை வச்சு இதை ஏறத்தாழ 1,500 வருஷத்துக்கு முந்தையதுன்னு ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க.

இது தனிக்கல்லும் இல்ல. மதுராந்தகம் பக்கம் இந்தளூர்ல இன்னொரு சேவல் கல் கிடைச்சிருக்கு. அது கீழ்ச்சேரிக் கோழி. அந்தக் கோழிக்குப் பேரே வச்சிருக்காங்க: பொற்கொற்றி. கொற்றம்னா வெற்றி, அரசு. கிட்டத்தட்ட ராணிக்கு வைக்கிற பேர்.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்ல, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணுல வீரனோட சேர்ந்து நாயும் நிக்குது. அதுக்கும் பேர் உண்டு, கோவிவன். கள்ளர்களைக் கடிச்சுக் காவல் நின்ன நாய். ஆக, இந்த வட்டாரத்துல மிருகத்துக்குக் கல் நடுறது அதிசயமான பழக்கம் இல்ல.

இப்ப அந்தச் சேவல் கல்லை ஒரு மதிப்பெண் அட்டையா பாருங்க. அதுல என்ன இருக்கு? எந்த ஊர், எந்தச் சேரி, சண்டை போட்டுச் செத்தது. அவ்வளவுதான். நிறம் இல்ல, எடை இல்ல, கொண்டை எப்படின்னு இல்ல. மேற்சேரிக்கும் கீழ்ச்சேரிக்கும் நடுவுல இருந்த பகையை, பந்தயத்தை, மானத்தை ஒரு சேவல் காலில் கட்டி விட்டாங்க. அது நின்னுச்சா ஓடுச்சா என்பதுதான் அளவுகோல். சாகுற வரைக்கும் நின்னா முழு மார்க்.

சங்க காலத்துல குப்பைக்கோழியார்னு ஒரு புலவர் இருக்கார், அவர் பாட்டு குறுந்தொகையில இருக்கு. குப்பைமேட்டுல தானா மோதிக்கிட்டு, விலக்கிவிடவும் ஆள் இல்லாம, தானா ஓயுற கோழிச் சண்டையை உவமையா சொன்னதால அவருக்கு அந்தப் பேர். சேவல்கள் இயல்பாவே சண்டை போடும். ஆனா இயல்பான சண்டை பெரும்பாலும் ஒண்ணு விலகினதும் முடிஞ்சிடும். நடுகல் வரைக்கும் போற சண்டைக்கு ரெண்டு பக்கமும் மனுஷன் நிக்கணும்.

செஞ்சியில் இன்னொரு கல்

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. செஞ்சி டவுனை ஒட்டியே திருநாதர்குன்று இருக்கு. அங்க ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் ரெண்டு வரிசையா, வரிசைக்குப் பன்னிரண்டு பேரா செதுக்கப்பட்டிருக்காங்க. அதே குன்றுல பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒண்ணும் உண்டு. சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட இடம் இதுன்னு அது சொல்லுது. காலம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு.

ஒரே வட்டாரம், ஏறத்தாழ ஒரே காலம், ஒரே எழுத்து. ஒரு கல் சண்டையில் செத்த சேவலுக்கு. இன்னொரு கல், எறும்புக்கும் தீங்கு செய்யக் கூடாதுன்னு வாழ்ந்த மரபுல வந்த ஒரு துறவிக்கு. அந்த மரபு இன்னும் இங்க இருக்கு. செஞ்சிக்குப் பக்கத்து மேல்சித்தாமூர்லதான் தமிழ்ச் சமணர்களோட மடம்.

சேவற்சண்டையை எதிர்க்கிறது ஏதோ வெளிநாட்டு இறக்குமதின்னு சில பேர் பேசுவாங்க. சேவற்சண்டை தமிழனோட ஒரே அடையாளம்னும் சில பேர் பேசுவாங்க. ரெண்டு பேரையும் நான் இந்த ரெண்டு கல்லுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போய் நிறுத்துவேன். உயிரை எப்படி மதிக்கிறதுங்கற வாதம் இந்த மண்ணுல 1,500 வருஷமா நடந்துட்டிருக்கு.

கண்ணால அளக்குற கலை

சண்டைக்கு விடணும்னா, விடுறதுக்கு முன்னாடியே எது ஜெயிக்கும்னு கணிக்கணும். அங்கதான் ‘பார்வை’ பிறக்குது. நம்ம சண்டைச் சேவல் இனத்துக்குப் பேர் அசில். அரபிச் சொல், சுத்த வம்சம்னு அர்த்தம். உயர்ந்த கால், நிமிர்ந்த உடம்பு, உடம்போட ஒட்டின இறுக்கமான இறகு, சின்னக் கொண்டை. கொண்டை சின்னதா இருக்கணும்னு ஏன் பார்த்தாங்க? எதிரி கவ்வுறதுக்குப் பிடி இருக்கக் கூடாது. காலை அமுக்கிப் பார்ப்பாங்க, முள் எங்க முளைச்சிருக்குன்னு பார்ப்பாங்க, கண்ணோட நிறம் பார்ப்பாங்க. காகம், வல்லூறு, மயில், கீரின்னு நிறத்துக்கு ஒரு பேர் வச்சாங்க. தெலுங்குல குக்குட சாஸ்திரம்னே ஒரு நூல் மரபு இருக்கு. எந்த நாள்ல எந்த நிறச் சேவல் எந்த நிறத்தை ஜெயிக்கும்னு அது சொல்லும்.

வெற்றிமாறனோட ‘ஆடுகளம்’ 2011ல வந்து ஆறு தேசிய விருது வாங்குச்சு. அந்தப் படத்துல பேட்டைக்காரர்கிட்ட இருக்கிற அதிகாரமே இந்தப் பார்வைதான். இந்தச் சேவல் தேறாதுன்னு அவர் சொல்லிட்டா அது அறுப்புக்குப் போகணும். பார்வைக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு இதைவிடச் சுருக்கமா சொல்ல முடியாது.

சண்டை நின்னதும் போட்டி நிக்கல

இப்ப இங்கிலாந்துக்கு ஒரு தாவல், காரணம் இருக்கு. அங்கயும் சேவற்சண்டை பல நூற்றாண்டு நடந்தது. 1835ல சட்டம் அதைத் தடை பண்ணினது, 1849 சட்டம் இன்னும் இறுக்கினது. நடுவுல 1845ல லண்டன் விலங்கியல் தோட்டத்துல கோழிக் கண்காட்சி நடந்தது. அதுக்கப்புறம் ஆசியாவுல இருந்து கப்பல்ல வந்த பெரிய பெரிய கோழிகள் மேல இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு பைத்தியமே பிடிச்சது.

இதுல கவனிக்க வேண்டியது, பந்தயக் குணம் போகல, இடம்தான் மாறுச்சு. களத்துல இருந்து கூண்டுக்கு வந்துச்சு. எந்தச் சேவல் நிக்கும்னு கேட்ட அதே கண்ணு, எது அழகுன்னு கேட்க ஆரம்பிச்சது. ஆனா சண்டையில தீர்ப்பு தானா வந்திடும். அழகுக்கு யார் தீர்ப்பு சொல்றது? சண்டை வரும், ஆளுங்களுக்குள்ள. அதனால புத்தகம் தேவைப்பட்டது. 1865ல டெகெட்மையர் என்பவர் பதிப்பிச்ச கோழித் தர நூல் இங்கிலாந்துல வந்தது. 1874ல அமெரிக்காவோட தர நூல் வந்தது. அதுல இடம் பிடிச்ச இனங்கள்ல ஒண்ணு நம்ம சில்கி.

சில்கி அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோவோட பயண நூல், சீனாவுல பூனை மாதிரி முடி உள்ள கருப்புக் கோழிகள் இருக்கு, நல்ல முட்டை போடும்னு சொல்லுது. பார்த்தீங்களா, அங்க அளவுகோல் முட்டை. கருங்கோழிச் சூப்பு சீனாவுல மருந்துச் சாப்பாடு. சேரிக்கு மானம், சமையலறைக்கு மருந்து, கண்காட்சிக்கு அழகு. கோழி ஒண்ணுதான், கேள்விதான் வேற வேற.

ஒரு சில்கியைக் கையில எடுத்தா

சரி, தர நூல் படி ஒரு நடுவர் என்ன பார்ப்பார்?

முதல்ல கொஞ்சம் தள்ளி நின்னு உருவம். உருண்டையா, முதுகு குட்டையா, தரையோட நெருங்கின மாதிரி இருக்கணும். அப்புறம் கையில எடுப்பார். கால்விரல் எண்ணுவார். சாதாரணக் கோழிக்கு ஒரு காலுக்கு நாலு விரல், சில்கிக்கு அஞ்சு. அஞ்சாவது விரல் தனியா பிரிஞ்சு மேல் நோக்கி வளையணும். காலோட வெளிப்பக்கம் இறகு இருக்கணும். தோல் கருநீலம். கொண்டை நம்ம சேவல் மாதிரி வாள் வாளா நிக்காது. வால்நட் பருப்பு மாதிரி புடைச்சு, முசுக்கட்டைப் பழ நிறத்துல இருக்கும். செவிமடல் நீலப்பச்சை. கொண்டை பளிச் சிவப்பா இருந்தாலோ, அஞ்சு விரல் இல்லாட்டியோ, இறகு பஞ்சா இல்லாட்டியோ அமெரிக்கத் தர நூல்படி தகுதி நீக்கம். போட்டிக்கு முன்னாடி வெள்ளைச் சில்கியை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி டிரையர் போட்டு உலர்த்துவாங்க. கல்யாணப் பொண்ணு மேக்கப்புக்குக் குறைவில்லை.

இறகு ஏன் பஞ்சா இருக்கு? சாதாரண இறகுல நுண்ணிய இழைகள் இருக்கும், அதுல கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஒண்ணோட ஒண்ணு மாட்டி ஜிப்பு போட்ட மாதிரி ஒரே தகடா நிக்கும். சில்கிக்கு அந்தக் கொக்கி இல்ல. இது மரபணுவில் ஒடுங்கு பண்பு. அதாவது அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் வெளியில தெரியும். சில்கியை நாட்டுக்கோழியோட சேர்த்தா முதல் தலைமுறைக் குஞ்சு எல்லாம் சாதாரண இறகோடதான் வரும். அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள்ள சேர்த்தா சராசரியா நாலுல ஒண்ணு பஞ்சு. கருப்புத் தோல் அப்படி ஒளியாது, ஒரு பக்கம் இருந்து வந்தாலும் தன்னைக் காட்டும். மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத், 2018ல புவிசார் குறியீடு வாங்கின கருங்கோழி, அதுக்கும் சில்கிக்கும் கருப்பு ஒரே மரபணு மாற்றத்தால வந்ததுதான்.

டார்வினுக்கும் சில்கி மேல ஆர்வம் இருந்தது. வெள்ளைச் சில்கிப் பெட்டையைக் கருப்பு ஸ்பானிஷ் சேவலோட சேர்த்துப் பார்த்தார். பிறந்ததுல ஒரு சேவல் வளர வளர, செந்நிறக் காட்டுச்சேவலோட கோலத்துக்கு நெருங்கி வந்துச்சு. இதை 1868ல எழுதினார். எவ்வளவு பஞ்சு சுத்தி வச்சாலும் உள்ள அந்தக் காட்டுப் பறவை இருக்கு.

விலை யார் கொடுக்கிறது

இனி கொஞ்சம் கசப்பான பகுதி.

கொக்கி இல்லாத இறகு பறக்காது, தண்ணியும் தாங்காது. சாதாரணக் கோழி மழையில நனைஞ்சு உதறிட்டுப் போயிடும், சில்கி ஊறிப்போய் நடுங்கும். தலை மேல உச்சிக்குடுமி பெருசா இருந்தா மார்க் கூட. ஆனா அது கண்ணை மறைக்கும். மேல இருந்து பருந்து வந்தா தெரியாது, பக்கத்துல தீவனம் இருந்தாலும் தெரியாது. பெரிய குடுமியோட வர்ற சில பறவைகளுக்கு மண்டையோடு மேல் பக்கம் புடைச்சு, முழுசா மூடாம இருக்கும். இன்னொரு கோழி அங்க ஒரு கொத்து கொத்தினாலே மூளையில அடிபட்டுக் கழுத்து திருகிக்கும்.

அப்புறம் தேறாததுகள். குஞ்சு பொரிச்சா ஏறத்தாழ பாதி சேவலா வரும். ஒரு பெட்டைக் கூட்டத்துக்கு ஒண்ணு ரெண்டு சேவல் போதும். நாலு விரல், சிவப்புக் கொண்டை, சரியில்லாத நிறம்னு கழிக்கிறது தனி. ஒரு பரிசுக் கோழிக்குப் பின்னாடி கழிக்கப்பட்ட கோழிகள் நிறைய. கோப்பையில அதுங்க பேர் வராது.

நம்ம அசில் கதையும் பாருங்க. இந்தியாவுல இருந்து இங்கிலாந்துக்குப் போன அசிலை மத்த இனங்களோட கலந்து கார்னிஷ் என்ற இனத்தை உருவாக்கினாங்க. சண்டைக்காக வந்த அகன்ற மார்பு அங்க கறிக்கான மார்பு ஆச்சு. இன்னிக்கு உலகம் பூரா இருக்கிற பிராய்லருக்கு ஒரு முக்கிய மூதாதை அந்தக் கார்னிஷ். சொன்னேன்ல, பிரியாணியும் வரும்னு. மேற்சேரிச் சேவலோட தூரத்துச் சொந்தம் உங்க தட்டுல இருக்கலாம். அதுக்கு மதிப்பெண் ஒண்ணே ஒண்ணு: எத்தனை நாள்ல எத்தனை கிலோ.

நம்ம ஊர் கண்காட்சி

இந்தியாவுல மிருகங்களைக் கேளிக்கைக்காகச் சண்டை போட வைக்கிறதை 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11வது பிரிவுல குற்றம்னு சொல்லுது. இந்தச் சட்டத்துக்குப் பின்னாடி நின்னவர் உங்களுக்கு வேற காரணத்துக்காகத் தெரிஞ்சவர்: கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில முதல்ல தனிநபர் மசோதாவா கொண்டு வந்தார். 1962ல விலங்கு நல வாரியம் வந்தப்ப முதல் தலைவரும் அவர்தான். சட்டம் வந்தும் சண்டை முழுசா நின்னுடல, பொங்கல் நேரத்துச் செய்திகளைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு பக்கம் தமிழ்நாட்டுக்குன்னே ஒரு ஷோ கோழி இருக்கு: கிளிமூக்கு விசிறிவால் சேவல். அசில் குடும்பம்தான், ஆனா சண்டைக்கு இல்ல, அழகுக்கு. அலகு கிளி மாதிரி கீழ வளையணும், வால் நீளமா விசிறி மாதிரி விழணும், கழுத்து, கண், உயரம் எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. திண்டுக்கல் பக்கம் இதுக்குக் கண்காட்சிகள் நடக்குது, மாநிலம் பூரா இருந்து கொண்டு வர்றாங்க. இங்கிலாந்து நடந்த பாதைதான், நம்ம மொழியில, நம்ம பறவையோட.

எனக்கு இதுல சந்தோஷம் உண்டு. கத்தி கட்டின காலைவிட, குளிப்பாட்டித் துடைச்ச கால் எவ்வளவோ மேல். நாட்டு இனத்தைக் காப்பாத்தற ஆளுங்களும் இவங்கதான். ஆனா சண்டை இல்லைங்கறதால மட்டும் பறவைக்கு நல்லதுன்னு முடிவு கட்டிட முடியாது. அலகு வளைவுக்கு மார்க் போட்டா, அடுத்த தலைமுறையில இன்னும் வளைஞ்ச அலகு வரும். ஒரு எல்லைக்கு மேல போனா அது தீவனத்தைக் கொத்தி எடுக்குமா? குடுமிக்கு மார்க் போட்டா குடுமி வளரும், கண்ணு மறையும். நாம எதுக்கு மார்க் போடுறமோ அதைத்தான் இனப்பெருக்கம் கொண்டு வந்து கொடுக்கும்.

ஜெர்மனியோட விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 11பி என்று ஒரு பிரிவு. வேதனையோ ஊனமோ வரும்னு தெரிஞ்சும் ஒரு மிருகத்தை அப்படி இனப்பெருக்கம் செய்யக் கூடாதுன்னு அது சொல்லுது. நம்ம 11வது பிரிவு களத்துல நடக்கிற வேதனையைத் தடுக்குது. அந்த 11பி முட்டைக்குள்ள ஆரம்பிக்கிற வேதனையைப் பத்தி யோசிக்குது.

அதனால கண்காட்சி நடத்துறவங்ககிட்ட என் வேண்டுகோள் ஒண்ணுதான். மதிப்பெண் அட்டையில இன்னும் மூணு வரி சேருங்க. பறவைக்குக் கண்ணு தெரியுதா? தானா நடந்து, கொத்தித் தின்னு, மேல ஏறி உட்காருதா? அதோட பெத்தவங்க எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க? அழகுக்கு உள்ள மார்க்கைக் குறைக்கவே வேண்டாம், இதையும் கூட்டினா போதும். கண்ணு தெரியற சில்கியும் பஞ்சு உருண்டைதான்.

வாங்கப் போறவங்களுக்கும் அதேதான். ‘ஷோ குவாலிட்டி’ன்னு சொன்னதும் விரலை எண்ணிட்டுப் பணத்தை எடுக்காதீங்க. தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்க. குடுமியை விலக்கிக் கண்ணைப் பாருங்க. கழிச்ச குஞ்சுகளை என்ன பண்ணினீங்கன்னு கேளுங்க. ஒழுங்கா வளர்க்கிறவர் பதில் சொல்வார். அப்புறம் உங்க வீட்டையும் பாருங்க: மழைச்சாரல் படாத கூண்டு, மே மாசத்துக்கு நிழல், துணைக்கு இன்னொரு கோழி. இது மூணும் இல்லாத மொட்டை மாடியில சில்கி வேண்டாம்.

அடுத்த லாங் வீக்கெண்டுல செஞ்சி போறவங்க, ராஜகிரி ஏறி இறங்கினதும் கிளம்பிடாதீங்க. திருநாதர்குன்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, தண்ணி எடுத்துட்டுப் போங்க. போயிட்டு வந்து, உங்க ஊர்ல மிருகத்துக்கு நட்ட கல் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அதையெல்லாம் சேர்த்து ஒரு எபிசோட் பண்ணலாம்.